பன்னிரண்டரை வரை இருந்த அட்டவணை

போன மாதம் நான் வேலை செய்த அலுவலகத்திலிருந்து தர்சினி தொலைபேசி எடுத்தாள். என் கதிரையில் இப்போது இருக்கிறவள் அவள்தான். எங்கள் தரவுக் களஞ்சியத்தைப் புதிய முறைக்கு மாற்றுகிறார்களாம். அதில் நாம் கேட்கிற கேள்வி, அந்தக் கேள்விக்காக நடுவில் செய்கிற அட்டவணை எல்லாமே தானாகச் சேமிக்கப்பட்டுவிடுமாம். எதையும் அழிக்கத் தேவையில்லையாம்.

"அக்கா, பழைய கொம்பியூட்டரைத் தேடிப் பாத்தம். உங்கட காலத்து டேபிள் ஒண்டுகூட மிச்சம் இல்லையே. அத்தினை வருசமா என்னத்தைச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஒவ்வொரு நாளும் செய்து ஒவ்வொரு நாளும் அழிச்சனான் பிள்ளை. அதுதான் என்ர வேலை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அவள் கேட்டதில் பிழை இல்லை. போர்க்காலத்தில் திருகோணமலையில் ஓர் அட்டவணை ஏன் மத்தியானத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பதிவைப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு முகாமிலும் நிரப்பிய படிவங்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கொழும்பிலிருந்த ஒரு பெரிய கணினிக்குப் போய்ச் சேரும். அதைத்தான் களஞ்சியம் என்போம். எந்த முகாமில் எத்தனை குழந்தைகள், எத்தனை கர்ப்பிணிகள், பால்மா எங்கே போக வேண்டும், கூடாரத்துணி எங்கே போக வேண்டும் என்று நாங்கள் இங்கிருந்தபடி அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கூரையிலிருந்த செய்மதித் தட்டு வழியாகத்தான் கொழும்போடு லைன் வரும். மற்ற மாவட்டங்களோடு பங்கு போட்டதால் எங்கள் நேரம் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை மட்டும்.

எனக்குக் கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சி கிடைத்தது. அதில் பாதி விளங்கவில்லை. விளங்கியதில் முக்கியமானது தற்காலிக அட்டவணை. களஞ்சியம் மிகப் பெரியது. ஒவ்வொரு கேள்விக்கும் அதை முழுக்கத் துழாவினால் அரை மணித்தியாலம் போய்விடும். ஆகவே நமக்குத் தேவையான வரிகளை மட்டும் ஒருமுறை எடுத்து, பெயருக்கு முன்னால் ஒரு # குறி போட்டு, சின்னதாக ஓர் அட்டவணை செய்துகொள்வோம். மிச்சக் கேள்விகளை அதனிடம் கேட்டால் நொடியில் பதில் வரும். அதை நம்மைத் தவிர வேறு ஒருவரும் பார்க்க ஏலாது. நாம் லைனை மூடினால் அதுவும் தானாக இல்லாமல் போய்விடும்.

இந்தக் கடைசி வசனத்தைப் பயிற்சியில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, காலை முழுவதும் பாடுபட்டு ஓர் அட்டவணை செய்துவிட்டு, ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அடுத்த நாள் வந்து கேட்டால் அப்படியொரு அட்டவணையே இல்லை என்கிறது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, என் வேலையை யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். பின்னால் நின்ற என் மேலதிகாரி ஹனீபா சேர் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தார்.

"ஒருத்தரும் அழிக்கல்ல புள்ள. நீங்கதான் அழிச்சீங்க. அது அப்படித்தான் அழியணும்" என்றார்.

ஹனீபா சேர் குறிஞ்சாக்கேணிக்காரர். தினமும் கிண்ணியாத் துறையில் பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறி, இக்கரையில் பஸ் பிடித்து, வழியில் எல்லாச் சோதனையும் தாண்டி எனக்கு முன்னாலேயே வந்துவிடுவார். குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அவருடைய ஒழுங்குகளில் ஒன்றைத் தவறவிட்டால், பால் இல்லாத சாயத்தண்ணித் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்லாமல் நிற்பார். அதைவிட ஏச்சு வாங்குவது சுகம்.

அவருடைய ஒழுங்குகள் இவை. அட்டவணை செய்யுமுன், எத்தனை வரி வரும் என்று நாம் நினைக்கிறோமோ அதைக் கொப்பியில் பென்சிலால் எழுத வேண்டும். வந்த எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டுக்கும் வெகுதூரம் என்றால் காரணம் தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. கேள்வியை எழுத்துக்கு எழுத்து கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். விடையை அச்செடுக்கவோ பிரதி பண்ணவோ கூடாது. கடைசியில் அட்டவணை எத்தனை மணிக்குப் பிறந்தது, எத்தனை மணிக்கு அழிந்தது என்று குறித்து ஒப்பம் வைக்க வேண்டும்.

"கேள்வி நம்மட சொத்து. அதை வச்சிருங்க. விடை சனத்திட சொத்து. அது நம்மட்ட தங்கக் கூடாது" என்பார்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்கள்கூடக் களஞ்சியத்தில் இல்லை. குடும்ப அட்டை இலக்கம், வயது, ஊர், முகாம், அவ்வளவுதான். இதற்கு ஏன் இந்தப் பயம் என்று வீட்டில் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் தெற்கே ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து சில மாதங்களில் தவமணி எங்கள் படியேறி வந்தார். முப்பது வயது சொச்சம். கணவர் பாம்பு கடித்து இறந்துபோனவர். இருந்தது துளசி என்ற ஏழு வயது மகள் மட்டும். ஷெல் விழத் தொடங்கிய அன்று ஊரே உழவு இயந்திரங்களில் ஏறியிருக்கிறது. தவமணி மகளை ஓர் இயந்திரத்தின் இழுவைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட வீட்டு வளவுக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. அது தெற்கே வாகரைப் பக்கம் போய்விட்டது. தவமணி வேறு சனத்தோடு இந்தப் பக்கம் வந்து, நகரத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் சேர்ந்தார். மூன்று மாதமாகப் பிள்ளையின் தகவல் இல்லை.

"ஆரோ ஊர்ச்சனம் வச்சிருப்பினம் மிஸ். ஆர், எங்க எண்டுதான் தெரியேல்லை" என்றார்.

பிள்ளையைத் தேடச் சொல்லி முகாமிலிருந்து எங்களுக்கு முறையாகக் கடிதமும் வந்திருந்தது. தேடலாம். பிள்ளை யாருடைய குடும்பத்திலாவது 'வேறு உறவு' என்று பதியப்பட்டிருக்கும். ஆகவே நான் தவமணியின் கிராமத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்களை எல்லா முகாம்களிலிருந்தும் ஓர் அட்டவணைக்கு எடுத்து, அவர்களோடு இருக்கிற ஏழு வயதுப் பெண்பிள்ளைகளைப் பார்ப்பது என்று திட்டம் போட்டேன். அந்த ஊரில் இருந்த குடும்பங்களைத் தவமணியிடம் கேட்டுக் கணக்குப் பார்த்து, அறுபது வரும் என்று பென்சிலால் எழுதினேன். வந்தது இருபத்திரண்டு.

ஹனீபா சேர் கோப்பையோடு வந்து நின்றார். "அறுபது எழுதியிருக்கீங்க. மத்த முப்பத்தெட்டும் எங்க?"

"இன்னும் பதியேல்லைப் போல, சேர்."

"பதியாட்டி அரிசி இல்ல. பதியாத குடும்பம் எங்கயாச்சும் இருக்குமா புள்ள?"

எனக்கு எரிச்சல் வந்தது. படிவங்கள் பிந்தி வரும், கொழும்பில் ஏற்றப் பிந்தும் என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொன்னேன். அவர் கோப்பையோடு தன் மேசைக்குத் திரும்பினார். இருபத்திரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. வாங்குப் பலகையில் காத்திருந்த தவமணியிடம் போய், "பாத்திட்டன் தங்கச்சி. ஒரு முகாமிலயும் இல்லை" என்று சொன்னேன்.

அவர் அழவில்லை. எழும்பிப் படிவரைக்கும் போனார். இரண்டாவது படியில் குந்திவிட்டார். ஒரு முகாமிலும் இல்லை என்றால் அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, காலையில் கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். எங்கள் தெரு முனைச் சென்றிக் காவலரணில் வழக்கம்போல நிறுத்தினார்கள். அங்கே நின்ற படையாள் கணவரின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தெரிந்த தமிழில் கேட்டார்.

"நிலாவெளி ஆள். இங்க ஏன் இருக்கு?"

"மனுசி வீடு, சேர். கலியாணம் கட்டி வந்தனான்."

மூன்று வருடமாக நடக்கிற கதை இது. எங்கள் பக்கத்தில் ஆண்கள்தான் கலியாணம் கட்டிப் பெண் வீட்டுக்கு வருவார்கள். வளவும் வீடும் பெண்ணுக்கு. ஆனால் வந்தவர் அடையாள அட்டையில் ஊரை மாற்றுவதில்லை. என் கணவரின் அட்டையில் இன்றுவரை நிலாவெளிதான். அன்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பதிவுப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற கட்டம் குடும்பத் தலைவருடையது. அதை அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான் நிரப்புவார்கள். யாரோ கொழும்பிலிருந்து, பெண்கள்தான் புருசன் ஊருக்குப் போவார்கள் என்று நினைத்துச் செய்த படிவம் அது. அப்படியென்றால் தவமணியின் கிராமத்துக்கு மாப்பிள்ளையாக வந்த ஒவ்வொருவரும் வேறு வேறு ஊர்க்காரராகப் பதியப்பட்டிருப்பார். நான் தேடியது அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே பெண் எடுத்தவர்களை மட்டும்.

இது தெரியாத பிறத்தியாள் என்றால் மன்னிக்கலாம். நான் தினமும் ஒரு நிலாவெளி மாப்பிள்ளைக்குச் சோறு போடுகிறவள். என் வீட்டைவிடப் படிவத்தை நம்பியிருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் ஹனீபா சேரிடம் சொன்னேன். அவர் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "நானும் பொண்டாட்டி வீட்டிலதானே இருக்கன்! என்ட புத்தி எங்க போச்சு!" அன்றுதான் அவர் உரக்கச் சிரித்துக் கேட்டேன்.

படிவத்தில் ஒவ்வொருவருக்கும் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒருவரும் அதைக் கேள்வியில் சேர்ப்பதில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அல்ல, ஊரில் தங்கள் வீட்டிலேயே பிறந்தவர்கள். ஆகவே தலைவரை விட்டுவிட்டு, குடும்பத்துப் பெண்ணின் பிறந்த இடத்தை வைத்துப் புதிதாகக் கேள்வி எழுதினேன். பென்சிலால் மறுபடியும் அறுபது என்று போட்டேன். பத்தரைக்கு ஆரம்பித்து, பதினொன்று ஐந்துக்கு அட்டவணை பிறந்தது. அறுபத்து மூன்று.

அந்த அறுபத்து மூன்றில், ஏழு வயதென்றால் பதிவில் முன்பின் இருக்கலாம் என்று ஆறிலிருந்து எட்டு வரை, 'வேறு உறவு' என்று பதிந்த பெண்பிள்ளைகளைக் கேட்டேன். பதினொரு வரி வந்தது. நான் முதல் வரியில் கண் வைக்கிறேன், கீழே படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். எந்தப் பக்கத்தார் என்று இப்போதும் எழுத மாட்டேன். அந்த நாட்களில் எல்லாப் பக்கத்தாருக்கும் பட்டியல் தேவைப்பட்டது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் யார் யார், எந்தெந்த முகாமில், வீட்டில் என்ன வயதில் எத்தனை ஆண்கள் என்று வேண்டுமாம். ஹனீபா சேர் வாசலிலேயே அவர்களை மறித்து, கதிரை போட்டு இருக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூடுங்க புள்ள."

அவர்கள் கேட்டது என் திரையில் இருந்தது. அவர்கள் கேட்டதைவிடச் சுத்தமாக, தவமணியின் கிராமத்தில் ஒரு குடும்பமும் தப்பாமல், வயது வாரியாக இருந்தது. களஞ்சியத்தில் அந்தச் சனம் ஆயிரம் ஊர்களுக்குள் சிதறிக் கிடந்தது. அன்று காலை நான்தான் அவர்களை ஒன்றாகக் கூட்டி வைத்திருந்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன? முகாம் இலக்கமும் அட்டை இலக்கமும் போதும். அந்தப் பதினொரு வரியில் ஒன்று தவமணியின் பிள்ளையாக இருக்கலாம். ஒரு நிமிடம் தந்தால் பார்த்துவிடுவேன். ஆனால் அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லை. மூடினேன்.

"லிஸ்ட் எங்கள்ட்ட இல்ல. ஒவ்வொரு முகாமிலயும் எத்தின குடும்பம் எண்டு எண்ணிக்கை இருக்கு. அது நோட்டிஸ் போட்டிலயும் போட்டிருக்கு. வேற என்ன வேணுமெண்டாலும் கொழும்புக்கு எழுத்தில கேளுங்க" என்று சேர் அவர்களிடம் சொன்னார்.

ஒருவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். அலுமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கொப்பியைப் புரட்டினார். கேள்விகளும் நேரங்களும் ஒப்பங்களும்தான் இருந்தன. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனார்கள். சேர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவருடைய ஒழுங்குகள் கிறுக்கு என்று நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அன்று லைன் மறுபடி கிடைக்கவில்லை. பின்னேரம் நான் அந்தப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனேன். தவமணி என்னைக் கண்டதும் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த செய்தியோ மிஸ்?"

"இல்லை தங்கச்சி. நான் பிழையாத் தேடிப்போட்டன். என்னில பிழை. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. கிடைக்கும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. ஆனா இந்த முறை சரியாத் தேடுவன்."

அடுத்த நாள் பத்து மணிக்குக் கொப்பியை விரித்து, கேள்வியை அப்படியே தட்டினேன். அதே அறுபத்து மூன்று. அதே பதினொன்று. அப்போது ஹனீபா சேர் தன் ஒழுங்கொன்றைத் தானே மீறினார். வெளியார் ஒருவரையும் அவர் விரும்பித் தாண்ட விடாத மேசையைத் தாண்டித் தவமணியைக் கூட்டிவந்து, என் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். "இதில பேர் இல்ல மகள். இவங்க குடும்பத்தை வாசிப்பாங்க. கேட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி போனது. மூன்றாவது வரி இது: தலைவர் நாற்பத்து நான்கு, சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. மனைவி முப்பத்தேழு. மகன்மார் பதினாறு, பதின்மூன்று, ஒன்பது. ஒரு வயோதிபப் பெண். வேறு உறவு, பெண், ஏழு.

"களுவாஞ்சிக்குடி மாப்பிள்ளையோ? மூண்டும் பொடியன்மாரோ?" தவமணி என் கையைப் பிடித்தார். "அது பூரணம் அக்கா வீடு மிஸ். அவவுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. சொந்தத்திலயும் இந்த வயதில ஒருத்தரும் இல்லை. அது என்ர பிள்ளை. என்ர பிள்ளைதான்."

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு முகாம். ஹனீபா சேர் அந்த முகாம் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். ஆள் அனுப்பிக் கூப்பிடக் கால் மணித்தியாலம் ஆனது. பிறகு தவமணி வாங்கிக் காதில் வைத்தார். பிள்ளை கேட்டது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

"அம்மா, மாட்டை அவிட்டு விட்டனீங்களோ?"

"ஓம் மகள். அவிட்டு விட்டிட்டன். அது ஓடீட்டுது" என்றார் தவமணி. அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். ஹனீபா சேர் சன்னலுக்குப் போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் அடங்கியபோது பதினொன்றரை. ஒழுங்கின்படி காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும். நான் கை வைக்கப் போனேன். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிஸ், மற்றப் பிள்ளையள் ஆரின்ர?" என்று கேட்டார்.

நான் சேரைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டரை வரைக்கும் இருக்கு. வாசிங்க" என்றார்.

மிச்சம் பத்து வரியையும் வாசித்தேன். ஒவ்வொன்றையும் கேட்டு ஊரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார் தவமணி. இது இன்னாரின் தங்கை மகள், தாய் இல்லாதது, எப்போதும் அங்கேதான் வளர்கிறது. இது வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தாய் எங்கள் முகாமில்தான் தேடிக்கொண்டு திரிகிறாள். இப்படி மூன்று பிள்ளைகள் உறவினரோடு எப்போதும் இருக்கிறவர்கள், ஏழு பிள்ளைகள் தொலைந்தவர்கள் என்று பிரித்தார். நான் பழக்கத்தில் காகிதம் எடுத்தேன். சேர் தடுத்தார்.

"எழுத வேணாம். மகள், மனசில வச்சிருக்க ஏலுமா?"

"ஏழு பிள்ளையள் தானே சேர். எல்லாம் என்ர வளவுக்குள்ள ஓடித் திரிஞ்சதுகள்."

பிள்ளையின் பெயரையும் முகாமின் பெயரையும் சேர்த்துச் சேர்த்து மூன்று தரம் சொல்லிக் காட்டினார். ஒன்றும் பிசகவில்லை. அட்டவணையை அழித்தேன், நேரம் எழுதினேன், ஒப்பம் வைத்தேன். தவமணி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்த நாள் காலை நான் வந்தபோது எங்கள் படியில் நான்கு பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்குக் காலில் செருப்பில்லை. எல்லாருக்கும் முன்னால் நின்றவள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"எங்கட பிள்ளையள் எங்க இருக்கினம் எண்டு தவமணி சொன்னவ. ஒருக்காப் போன் எடுத்துத் தருவீங்களோ, மிஸ்?"